மாணிக்கமும் வில்வ இலையும்

ஸ்ரீகாளஹஸ்தி என்ற பெயரில் மூன்று உயிர்கள் குடியிருக்கின்றன. 'ஸ்ரீ' என்பது சிலந்தி, 'காளம்' என்பது பாம்பு, 'ஹஸ்தி' என்பது யானை என்று தலபுராணம் பொருள் கூறுகிறது. தமிழ் மரபு திருக்காளத்தி என்று போற்றும் இந்தத் தலம், திருப்பதியிலிருந்து சுமார் 36 கிலோமீட்டர் தொலைவில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 2022-ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்திருக்கிறது. பஞ்சபூதத் தலங்களுள் இது வாயுத் தலம். காற்று புகாத கருவறையில் ஒரு தீபச் சுடர் மட்டும் அசைந்துகொண்டிருப்பதை அங்கே பக்தர்கள் காண்கிறார்கள். காற்றைக் கண்ணால் காண முடியாது. ஆனால் சுடரின் அசைவில் அதன் இருப்பு தெரிகிறது. இறைவனும் அவ்வாறே என்பதை அந்தச் சுடர் சொல்லாமல் சொல்கிறது.

இந்தத் தலத்தின் புராணம் எல்லோரும் அறிந்ததுதான். எனினும் அதிலுள்ள ஒரு துயரம் பலருடைய கவனத்திற்கு வருவதில்லை.

காட்டின் நடுவே இருந்த சிவலிங்கத்தைப் பாம்பு ஒன்று வழிபட்டு வந்தது. தனக்குக் கிடைத்தவற்றுள் மிக உயர்ந்ததாகிய மாணிக்கங்களைக் கொண்டுவந்து அது இறைவனுக்குச் சூட்டியது. அதே லிங்கத்தை யானை ஒன்றும் வழிபட்டு வந்தது. ஆற்று நீரைத் துதிக்கையில் முகந்து வந்து அபிஷேகம் செய்து, வில்வ இலைகளாலும் மலர்களாலும் அது அர்ச்சித்தது. யானை வரும்போது லிங்கத்தின் மீது கற்கள் கிடப்பதைக் காணும். 'என் இறைவன் மீது யார் இந்தக் கற்களைப் போட்டது?' என்று வருந்தி அவற்றைத் தள்ளிவிடும். பாம்பு வரும்போது மாணிக்கங்கள் சிதறிக் கிடக்க, லிங்கம் ஈர இலைகளால் மூடப்பட்டிருக்கும். 'இந்தச் சருகுகளை யார் கொட்டியது?' என்று வருந்தி அவற்றை விலக்கும். இப்படியே பல நாட்கள் சென்றன. ஒரு நாள் பாம்பு இலைகளுக்கிடையில் மறைந்திருந்து, வந்த யானையின் துதிக்கைக்குள் புகுந்தது. வேதனை தாங்காத யானை தலையை மோதிக்கொண்டது. இரண்டும் மடிந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவ்விரண்டிற்கும் பக்தியில் குறைவில்லை. இரண்டும் வழிபட்டது ஒரே லிங்கத்தை. ஒவ்வொன்றும் தன்னிடமிருந்த மிகச் சிறந்ததையே அளித்தது. ஆயினும் ஒன்றின் காணிக்கை மற்றொன்றின் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்தது. சிலந்தியின் வழிபாடும் அத்தகையதே. தன் உடலிலிருந்து நூல் எடுத்து இறைவனுக்கு ஆலயம் சமைத்தது அது. அந்த நூலாலயம் நம் வீட்டு மூலையில் இருந்தால் அதற்குப் பெயர் ஒட்டடை!

பக்தி இல்லாதவர்களால் விளையும் கேட்டைப் பற்றிச் சமய நூல்கள் நிறையப் பேசுகின்றன. காளத்திப் புராணமோ பக்தி உள்ளவர்களுக்கே நேரும் ஆபத்தைப் பேசுகிறது. பிறர் வழிபாட்டின் மொழியை அறியாத பக்தி, இறைவனின் சந்நிதியிலேயே போர்க்களத்தை உண்டாக்கிவிடும்.

சின்னம் என்பது என்ன?

மாணிக்கம், வில்வம், சிலந்தி நூல், தீபம், லிங்கம் ஆகிய யாவும் சின்னங்கள். வேதாந்தம் இவற்றைப் 'பிரதீகம்' என்ற சொல்லால் குறிக்கிறது. எல்லையற்ற பரம்பொருளை மனித மனம் நேராகப் பற்ற இயலாது. எனவே கண்ணுக்குத் தெரியும் ஒன்றைப் பற்றிக்கொண்டு, அதன் வழியாகக் காணாத ஒன்றை அது அணுகுகிறது.

இதில் சாதகன் தவறிவிடக் கூடாது என்பதற்காகப் பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் ஒரு நெறியை வகுத்துள்ளது. பிரதீகத்தில் பிரம்மத்தைக் காண வேண்டும். பிரம்மத்தைப் பிரதீகமாகச் சுருக்கிவிடக் கூடாது. ஆதிசங்கரர் இதை ஓர் உலகியல் உவமையால் விளக்குகிறார். தேரோட்டியை அரசனாகப் பாவித்து மரியாதை செய்தால் நன்மை விளையலாம். அரசனைத் தேரோட்டியாகப் பாவித்தால் கேடுதான் விளையும். சிறியதைப் பெரியதாகக் காண்பது உபாசனை. பெரியதைச் சிறியதாக்குவது அபசாரம்.

இந்நெறி உருவ வழிபாட்டைக் கைவிடச் சொல்லவில்லை. உருவத்தோடு நின்றுவிடுவதையே விலக்குகிறது. 'என் இறைவன் மாணிக்கத்தை மட்டுமே ஏற்பான்' என்று சொல்லும்போது பக்தன் தன் இறைவனை மாணிக்கத்தின் அளவுக்குக் குறுக்கிவிடுகிறான். பாம்பு செய்த பிழை அது. யானை செய்ததும் அதே பிழைதான்.

சொந்த மரபின் சின்னங்கள் பழகிப்போனவை. அவற்றை நாம் வாசிக்கிறோம் என்ற உணர்வே நமக்கு இருப்பதில்லை. பிற மரபு ஒன்றின் சின்னங்களைச் சற்று நிதானமாகக் காணும்போதுதான், சின்னம் எவ்வாறு பேசுகிறது, எவ்வாறு தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பவை தெளிவாகும். அதற்கு மிகவும் பொருத்தமானவை, ஏசுநாதருக்குப் பின் வந்த முதல் சில நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயங்களில் அமைத்த மொசைக் ஓவியங்கள்.

சில்லுகளால் ஆன மறைமொழி

மொசைக் என்றதும் நமக்கு வீட்டுத் தரைதான் நினைவுக்கு வரும். பண்டைய ரோமானியர்களும் முதலில் தரைகளிலேயே அதைப் பெரிதும் கையாண்டார்கள். பல நிறக் கற்சில்லுகளை ஈரமான சுண்ணக் காரையில் பதித்து உருவங்களை அமைத்தார்கள். பின்னர் கிறிஸ்தவ ஆலயங்களின் சுவர்களிலும் வளைகூரைகளிலும் கண்ணாடிச் சில்லுகள் இடம்பெற்றன. மெல்லிய தங்கத் தகட்டைக் கண்ணாடிக்குள் வைத்துச் செய்த பொற்சில்லுகளும் அவற்றுள் உண்டு. ஒவ்வொரு சில்லும் சற்றே வேறுபட்ட கோணத்தில் சாய்ந்திருக்கும். அதனால் விளக்கொளி படும்போதும், காண்பவர் நகரும்போதும் சுவர் முழுவதும் ஒளி அலைபோல் அசையும். அருகில் சென்று பார்த்தால் சில்லுகள் மட்டுமே தெரியும். விலகி நின்றால் திருவுருவம் தோன்றும்.

கி.பி. 313-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது. அதற்கு முன் அவர்கள் இடையிடையே கடும் அடக்குமுறைகளுக்கு ஆளாகி வந்தனர். ரோம் நகரின் நிலத்தடிக் கல்லறைச் சுரங்கங்களில் அவர்கள் வரைந்த ஓவியங்களில் சிலுவை அரிது. மீன், நங்கூரம், புறா, ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன் போன்ற எளிய உருவங்களே மிகுதி. 'இயேசு கிறிஸ்து, இறைவனின் மைந்தர், இரட்சகர்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால், மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் கிடைக்கும். அறியாதவருக்கு அது வெறும் மீன். அறிந்தவருக்கோ அதுவே முழு விசுவாச அறிக்கை.

இத்தாலியின் வடகிழக்கே உள்ள அக்விலேயா என்ற ஊரில், நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட பெரியதொரு மொசைக் தரை உள்ளது. பிற்காலத் தரையின் கீழ் மறைந்து கிடந்த அது 1909-இல் வெளிப்பட்டது. அதில் மீன்கள் நிறைந்த கடல் ஒன்று விரிகிறது. மீனால் விழுங்கப்பட்டு மூன்று நாட்களுக்குப் பின் உயிருடன் மீண்ட யோனாவின் கதை அங்கே சித்திரிக்கப்பட்டிருக்கிறது. மரணத்தின் வயிற்றிலிருந்து ஆன்மா மீளும் என்பதே அதன் கருத்து. அதே தரையில் ஒரு சேவலும் ஓர் ஆமையும் எதிரெதிரே நிற்கின்றன. விடியலை அறிவிக்கும் சேவல் ஒளியையும், ஓட்டுக்குள் ஒடுங்கும் ஆமை இருளையும் குறிப்பதாக விளக்கம் கூறுவர்.

இந்த இடத்தில் நம் நாட்டு வாசகர் ஒருவர் திகைப்பார். ஆமை நமக்கு இருளின் சின்னம் அன்று. திருமாலின் கூர்மாவதாரம் அது. புலன்களை உள்ளிழுத்துக்கொள்ளும் ஞானிக்குக் கீதை காட்டும் உவமையும் அதுவே. ஒரே ஆமை, ஒரு மரபில் அறியாமையையும் மற்றொரு மரபில் ஞானத்தையும் குறிக்கிறது. மயிலும் அப்படித்தான். நமக்கு அது முருகப்பெருமானின் வாகனம். பண்டைய கிறிஸ்தவர்களுக்கோ அதன் தசை அழுகாது என்ற பழைய நம்பிக்கையின் காரணமாக அது அழிவின்மையின் சின்னம். எனவே சின்னத்தின் பொருள் அந்தப் பொருளின் உடலில் மட்டும் இல்லை. அதை ஏந்தி நிற்கும் பக்தரின் உள்ளத்திலும் இருக்கிறது. அந்த உள்ளத்தைக் கேட்காமல் சின்னத்தை மட்டும் பார்ப்பவர் தவறாகவே வாசிப்பார்.

அவ்வாறு நிகழ்ந்ததற்குச் சான்று ரோமில் உள்ளது. கான்ஸ்டன்டைனின் மகளுடைய நினைவு மண்டபமாக நான்காம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட சாந்தா கோஸ்தான்சா என்ற வட்டமான கட்டடத்தின் வளைகூரையில், திராட்சைக் கொடிகளும் பழம் பறிக்கும் சிறுவர்களும் மொசைக்கில் காட்சி தருகின்றனர். கிறிஸ்தவருக்குத் திராட்சைக் கொடி ஏசுநாதரையும் அவரது திருவிருந்தையும் நினைவூட்டும். ஆனால் பல நூற்றாண்டுகளுக்குப் பின் அங்கு வந்த அறிஞர்கள் பலர், அதை மதுவின் தெய்வமாகிய பாக்கஸின் கோயில் என்றே கருதிவிட்டார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தாம்! தம் முன்னோர் ஏந்திய சின்னத்தையே அவர்களால் அடையாளம் காண இயலவில்லை.

தூண்களில் எஞ்சிய கைகள்

தவறாக வாசிப்பது ஒரு குறை. விலக்கித் தள்ளுவது அதனினும் பெரிய குறை. அதன் தழும்பை இத்தாலியின் ரவென்னா நகரில் இன்றும் காணலாம்.

ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் எழுந்த ரவென்னாவின் ஆலயங்கள் மொசைக் கலையின் சிகரம் எனலாம். கல்லா பிளாசிதியா நினைவு மண்டபத்தில், நீல வானில் பொன் விண்மீன்கள் பதிந்த வளைகூரையின் கீழ், மான்கள் நீரருந்த வருகின்றன. தாகமுற்ற மான் நீரை நாடுவதுபோல் ஆன்மா இறைவனை நாடுவதாகப் பாடும் பழைய ஏற்பாட்டுச் சங்கீதத்தின் காட்சி அது. கி.பி. 549-இல் அர்ப்பணிக்கப்பட்ட, கிளாஸ்ஸே என்ற இடத்திலுள்ள புனித அப்போலினாரிஸ் ஆலயத்தில், மலைமீது ஏசுநாதர் ஒளியுருவாக மாறிய நிகழ்ச்சி சித்திரிக்கப்பட்டுள்ளது. ஆனால் அங்கே முழு உருவில் ஏசுநாதர் இல்லை. மணிகள் இழைத்த சிலுவை ஒன்று விண்மீன்களுக்கிடையே நிற்கிறது. உடனிருந்த மூன்று சீடர்களும் மனிதராக வரையப்படவில்லை. மூன்று ஆட்டுக்குட்டிகள் தலை நிமிர்த்திச் சிலுவையைப் பார்க்கின்றன. சிலந்தியையும் பாம்பையும் யானையையும் பக்தர்களாகக் கண்ட காளத்தியின் மக்களுக்கு இந்த ஆட்டுக்குட்டிகளைப் புரிந்துகொள்வது கடினமன்று.

இதே ரவென்னாவில் கோத்து இன அரசர் தியோடரிக் ஆட்சி செய்தார். அவரும் கிறிஸ்தவரே; ஆனால் ஏரியன் பிரிவைச் சேர்ந்தவர். மைந்தராகிய ஏசுநாதர் தந்தையாகிய இறைவனுக்குச் சமமானவர் அல்லர் என்பது அப்பிரிவின் கொள்கை. இரு பிரிவினருக்கும் நகரில் தனித்தனி ஞானஸ்நான மண்டபங்கள் இருந்தன. அவை இன்றும் உள்ளன. இரண்டின் வளைகூரையிலும் நடுவில் இருப்பது ஒரே காட்சி: யோர்தான் ஆற்று நீரில் நிற்கும் ஏசுநாதர், அவருக்கு நீராட்டும் யோவான், முதியவர் வடிவில் ஆற்றின் அதிதேவதை, சுற்றிலும் பன்னிரண்டு சீடர்கள். கீழே நின்றவர்கள் வாதிட்டுக்கொண்டார்கள். மேலே இருந்த உருவம் ஒன்றாகவே இருந்தது.

கி.பி. 540-இல் நகரம் பேரரசர் ஜஸ்டினியனின் படைகள் வசமாயிற்று. தியோடரிக் கட்டிய அரண்மனை ஆலயமும் எதிர்ப் பிரிவினரிடம் சென்றது. இன்று அது புதிய புனித அப்போலினாரிஸ் ஆலயம் எனப்படுகிறது. அதன் சுவரில் தியோடரிக்கின் அரண்மனையும் அவரது அவையினரும் மொசைக்கில் இருந்தனர். புதிதாக வந்தவர்கள் அந்த மனித உருவங்களின் சில்லுகளைப் பெயர்த்து, அவை இருந்த இடங்களில் திரைச்சீலைகளை அமைத்தனர். ஆயினும் அந்த வேலை முழுமையாகவில்லை. அரண்மனைத் தூண்களின் மீது, உடல்களற்ற சில கைகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன.

அழித்தவர்கள் தீயவர்கள் அல்லர். உண்மையான சமயத்தைக் காப்பதாகவே அவர்கள் எண்ணினார்கள். யானை மாணிக்கங்களைத் தள்ளியபோதும் அப்படித்தான் எண்ணியது. ஒன்று மட்டும் ஆறுதல் தருவது: அதே சுவர்களின் மேல்வரிசையில் தியோடரிக் காலத்தில் அமைந்த, ஏசுநாதரின் வாழ்க்கையைக் கூறும் 26 காட்சிகளை அவர்கள் தொடவில்லை. எதிரி அமைத்ததாயினும் அங்கே தம் இறைவனை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

பின்னர் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் கிழக்குத் திருச்சபையில் திருவுருவங்களே கூடாது என்ற இயக்கம் அரச ஆதரவுடன் எழுந்தது. பல உருவங்கள் அழிக்கப்பட்டன. கி.பி. 787-இல் நிகேயா நகரில் கூடிய சங்கம், உருவத்திற்குச் செய்யும் மரியாதை உருவத்தால் குறிக்கப்படுபவரையே சேர்கிறது என்றும், ஆராதனை இறைவன் ஒருவருக்கே உரியது என்றும் தீர்மானித்தது. கி.பி. 843-இல்தான் பூசல் முடிவுக்கு வந்தது. பிரதீகத்தைப் பற்றிய பிரம்ம சூத்திரக் கருத்தை அறிந்தவர்களுக்கு இத்தீர்மானம் அந்நியமாகத் தோன்றாது.

ஒற்றுமையைத் தேடுவதில் ஓர் எச்சரிக்கை

இவ்வாறு ஒப்பிட்டுக்கொண்டே போகும்போது வேறொரு தவறும் நேர்ந்துவிடும். எல்லாம் ஒன்றே என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடுவதே அது.

திருப்பதிக்கு அருகில், குடிமல்லம் என்ற சிற்றூரில் பரசுராமேசுவரர் ஆலயம் இருக்கிறது. அங்குள்ள சுமார் ஐந்தடி உயர லிங்கம், இதுவரை கிடைத்துள்ள மிகப் பழமையான லிங்கங்களுள் ஒன்று. அதன் முகப்பில் சிவபெருமான் நின்ற கோலத்தில் செதுக்கப்பட்டுள்ளார். காலடியில் குறள் வடிவம், தோளில் மழு, ஒரு கையில் சிறு கலசம், மற்றொரு கையில் பின்னங்கால்களைப் பற்றித் தலைகீழாகத் தூக்கிய ஆடு. அதை மான் என்று கொள்வோரும் உண்டு. ரவென்னாவின் நல்ல மேய்ப்பரையும் குடிமல்லத்துச் சிவனையும் அருகருகே வைத்து, 'இருவரிடமும் ஆடு இருக்கிறது. ஆகவே பொருளும் ஒன்றே' என்று கூறுவது எளிது. அது சரியன்று. வழிதவறிய ஆன்மாவைத் தேடிச் சென்று மீட்கும் கருணையை மேய்ப்பர் குறிக்கிறார். குடிமல்லத்துச் சிவனிடம் உயிர்கள் அனைத்தையும் தன் பிடியில் வைத்திருக்கும் பசுபதியை நாம் காண்கிறோம். இரண்டும் உண்மைகள், இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

பாம்பிடம் சென்று, 'உன் மாணிக்கமும் இலைதான்' என்று சொல்லியிருந்தால் சண்டை தீர்ந்திருக்காது. மாணிக்கம் மாணிக்கமாகவே இருக்கட்டும், வில்வம் வில்வமாகவே இருக்கட்டும். இரண்டும் காணிக்கை என்று அறிவதே போதுமானது. வேற்றுமையை அழித்துப் பெறும் ஒற்றுமை, சில்லுகளை எல்லாம் ஒரே நிறமாக்கிவிட்டு ஓவியத்தைத் தேடுவது போன்றது.

இதை நன்கு உணர்ந்தவர்கள் ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரிக் கலைஞர்கள். கடுக்காய்ச் சாறும் பாலும் ஏற்றிய பருத்தித் துணியில், மூங்கில் எழுதுகோலைக் கொண்டு அவர்கள் கையாலேயே புராணக் கதைகளை வரைகின்றனர். இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கருநிறம் எடுக்கிறார்கள். படிகார நீர் பூசிச் சிவப்பை ஏற்றுகிறார்கள். இடையிடையே துணியை நீரில் அலசி உலர்த்துகிறார்கள். கோயில் திரைச்சீலைகளாகப் பயன்பட்ட இத்துணிகளில் நிறங்களும் மொழியாகின்றன: இராமனுக்கும் கிருஷ்ணனுக்கும் நீலம், அரக்கருக்குப் பெரும்பாலும் சிவப்பு. இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் வரைந்த இவ்வூர்க் கலைஞர்கள் ஏசுநாதரின் வாழ்க்கையையும் அதே கடுக்காய்த் துணியில், அதே மூங்கில் எழுதுகோலால் வரைந்திருக்கிறார்கள். அதனால் இராமன் ஏசுவாகிவிடவில்லை, ஏசு இராமனாகிவிடவில்லை. கைகள் மட்டும் ஒரே பணிவுடன் இயங்கின.

மறைந்திருந்து பார்

பாம்பும் யானையும் செய்யத் தவறியது என்ன? அதற்கு விடை காளத்தி மலையிலேயே இருக்கிறது. பெரிய புராணம் பாடும் கண்ணப்பரின் வரலாறே அது.

வேடர் குலத்துத் திண்ணனார் காளத்தி மலைமீது குடுமித்தேவரைக் கண்டு தம்மை மறந்தார். தாம் சுவைத்துப் பார்த்துத் தேர்ந்த இறைச்சியைப் படைத்தார். வாயில் முகந்த நீரால் அபிஷேகம் செய்தார். தலைமுடியில் செருகி வந்த மலர்களைச் சூட்டினார். அங்கே ஆகம முறைப்படி பூசை செய்து வந்த சிவகோசரியார் மறுநாள் வந்து பார்த்தபோது துடித்துப்போனார். எலும்பும் இறைச்சியும் கிடந்த சந்நிதியைக் கழுவித் தூய்மை செய்து மீண்டும் பூசித்தார். அடுத்த நாளும் அப்படியே. ஒருவர் வைத்ததை மற்றவர் அகற்றுவது தொடர்ந்தது. பாம்பும் யானையும் நடத்திய அதே போராட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது.

ஆனால் இம்முறை முடிவு வேறாயிற்று. இறைவன் சிவகோசரியாரின் கனவில் தோன்றினார். அந்த வேடனின் ஒவ்வொரு செயலும் தமக்கு எத்துணை இனியது என்பதை உணர்த்தினார். 'உன் பூசையை நிறுத்து' என்று அவர் சொல்லவில்லை. 'அவனுடைய முறையைப் பின்பற்று' என்றும் சொல்லவில்லை. நாளை மறைந்திருந்து பார் என்று மட்டுமே பணித்தார்.

சிவகோசரியார் மறைந்திருந்து பார்த்தார். இறைவனின் கண்ணில் குருதி பெருகியதும் திண்ணனார் பதறியதைக் கண்டார். தம் கண்ணையே அகழ்ந்து அப்பியதைக் கண்டார். மறு கண்ணிலும் குருதி வரவே, அடையாளத்திற்காகத் தம் காலை அங்கே ஊன்றிக்கொண்டு இன்னொரு கண்ணையும் அகழ முற்பட்டதைக் கண்டார். இறைவனின் கை நீண்டு தடுத்ததையும் கண்டார். அதுவரை அவர் இறைச்சியைத்தான் பார்த்திருந்தார். அன்றுதான் அதைப் படைத்தவரைப் பார்த்தார்.

பாம்பும் மறைந்திருந்தது, ஆனால் காண்பதற்காக அன்று, கடிப்பதற்காக. ஒரே மறைவிடம் ஒன்றுக்கு மரணத்தையும் மற்றவருக்கு ஞானத்தையும் தந்தது. யானை நீர் முகந்து வந்து தலை தாழ்த்தி அபிஷேகம் செய்ததைப் பாம்பு ஒரு கணம் உற்று நோக்கியிருந்தால், அந்த இலைகள் சருகுகளாகத் தோன்றியிருக்குமா?

ஓர் அரசர் கூப்பிய கைகள்

இந்தப் பார்வையைப் பெற்றவர்களின் சுவடுகளும் இப்பகுதியில் உண்டு. வேங்கடத்து இறைவனைப் பாடிய பேயாழ்வார், சிவனுக்குரிய அடையாளங்களையும் திருமாலுக்குரிய அடையாளங்களையும் ஒரே திருமேனியில் இணைந்திருக்கக் கண்டு வியந்தார். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் திருவேங்கடமுடையானிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர். ஆண்டாளின் வரலாற்றை 'ஆமுக்தமால்யதா' என்ற தெலுங்குக் காவியமாகப் பாடியவர். அவரே 1516-இல் ஸ்ரீகாளஹஸ்தியில் சிவபெருமானுக்கு ராஜகோபுரம் எழுப்பினார். காளத்தியின் பெருமையைத் தெலுங்கில் பாடிய தூர்ஜடி அவரது காலத்துப் புலவர். அந்தக் கோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்தது. பக்தர்கள் சோர்ந்துவிடவில்லை. புதிய கோபுரம் எழுந்து, 2017-இல் குடமுழுக்கும் நடைபெற்றது.

கோபுரம் எழுப்பியதற்கு மறு ஆண்டு, 1517-இல், திருமலைக் கோயிலின் நுழைவு மண்டபத்தில் கிருஷ்ணதேவராயர் தம் இரு தேவியருடன் கைகூப்பி நிற்கும் உலோகத் திருவுருவங்கள் நிறுவப்பட்டன. ரவென்னாவில், கி.பி. 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே ஆலயத்திலும் ஒரு பேரரசர் காட்சியளிக்கிறார். பலிபீடத்தின் அருகே, தலையைச் சுற்றி ஒளிவட்டத்துடன், ஜஸ்டினியன் பொன் தட்டை ஏந்தி நிற்கிறார்; எதிர்ச் சுவரில் அரசி தியோடோரா கிண்ணத்தை ஏந்தி நிற்கிறார். அவர்களும் காணிக்கை அளிப்பவர்களே. கிருஷ்ணதேவராயரின் கைகளில் தட்டும் இல்லை, கிண்ணமும் இல்லை. கூப்பிய வெறுங்கைகளே அவரது காணிக்கை. இவ்விரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்வியை எழுப்பினால், நாமும் மாணிக்கத்தையும் வில்வத்தையும் எடைபோடத் தொடங்கிவிடுவோம்.

நம் இல்லங்களில்

இந்தப் போராட்டம் புராணத்திலும் பழைய பேரரசுகளிலும் மட்டுமே நடப்பதாக எண்ண வேண்டாம். ஒரே வீட்டில் தாய் விளக்கேற்றி, மணியடித்து, கற்பூரம் காட்டுவார். மகனோ கண்மூடித் தியானத்தில் அமர்ந்திருப்பான். தாய்க்கு மகனின் மௌனம் பக்தியின்மையாகத் தோன்றும். மகனுக்குத் தாயின் மணியோசை வெறும் சடங்காகத் தோன்றும். மருமகளின் பிறந்த வீட்டுத் தெய்வப் படம் பூசையறையின் கடைசி வரிசைக்குத் தள்ளப்படும். அண்டை வீட்டாரின் பிரார்த்தனை இரைச்சலாகக் கேட்கும். இவர்களுள் எவரிடமும் பக்திக்குக் குறைவில்லை. ஆயினும் ஒருவர் வைத்ததை மற்றவர் மெல்ல அகற்றிக்கொண்டே இருக்கிறார். குடும்பம் என்னும் சுவரில் உடலற்ற கைகள் எஞ்சுகின்றன.

இறைவன் சிவகோசரியாருக்குச் சொன்னதே இதற்கு மருந்து. பிறர் வழிபடும்போது ஒரு நாளேனும் விலகி நின்று அமைதியாகக் காண வேண்டும். கற்பூரத்தைக் காணாமல், அதை ஏந்திய கையின் நடுக்கத்தைக் காண வேண்டும். மூடிய கண்களைக் குறை கூறாமல், அவற்றின் ஓரத்தில் கசியும் ஈரத்தைக் காண வேண்டும். இதற்காக எவரும் தம் இஷ்ட தெய்வத்தையோ தம் வழியையோ விட்டுவிட வேண்டியதில்லை. சிவகோசரியாரும் தம் ஆகம நெறியைக் கைவிட வேண்டியிருக்கவில்லை. இன்னொருவரின் பக்தியைக் கண்டு வியக்கும் கண்கள் அவருக்குக் கிடைத்தன, அவ்வளவுதான். அதைப் பெற்ற பின் தன் வழிபாடும் முன்பைவிட ஆழமாவதைச் சாதகன் உணர்வான்.

தலபுராணத்தின் முடிவு இன்னும் சொல்லப்படவில்லை. மடிந்த பாம்புக்கும் யானைக்கும் சிவபெருமான் முக்தி அளித்தார். 'உங்களுள் யாருடைய பூசை சரியானது?' என்ற விசாரணை அங்கே நடைபெறவில்லை. சிலந்திக்கும் அவர் அருள்புரிந்தார். இத்தலத்து லிங்கத் திருமேனியிலேயே சிலந்தியின் வடிவையும், யானையின் தந்தங்களையும், பாம்பின் படத்தையும் பக்தர்கள் கண்டு தொழுகின்றனர்.

உயிருடன் இருந்தவரை அவ்விரண்டும் ஒன்றின் காணிக்கையை மற்றொன்று பொறுத்துக்கொள்ளவில்லை. இறைவனோ காளத்தையும் ஹஸ்தியையும் பிரிக்க முடியாதபடி சேர்த்துத் தமக்குப் பெயராக்கிக்கொண்டார். அன்று முதல் 'காளஹஸ்தீசா' என்று அவரை அழைக்கும் எவரும், பாம்பை விட்டுவிட்டு யானையை மட்டும் சொல்ல இயலாது.